ஏசிக்காரரின் ஆமாவும் இல்லையும்

ஒரு சட்டையை அவள் கையில் கொடுத்துவிட்டுப் பத்து எண்ணினால் போதும், அதற்குள் அதில் என்ன குறை என்று சொல்லிவிடுவாள். காலர் ஒரு பக்கம் ஏறியிருக்கும், மூன்றாவது பொத்தானின் துளை தள்ளிப் போயிருக்கும், இடது கை வலது கையைவிட அரை விரல் நீண்டிருக்கும். ரெடிமேட் துணி கம்பெனியின் செக்கிங் மேசையில் முப்பத்தொரு வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். அங்கே எல்லோருக்கும் அவள் செக்கிங்கம்மா. வேலையை விட்டு வந்த பிறகும் பெயர் அவளை விடவில்லை. பெற்ற மகனே தன் போனில் அம்மா என்று போடாமல் அப்படித்தான் போட்டு வைத்திருக்கிறான்.

அந்த வேலையில் அவளுக்கு ஒரு கர்வம் உண்டு. தன் முத்திரை குத்தி அனுப்பிய பெட்டி ஒன்றுகூடக் குறை என்று திரும்பி வந்ததில்லை என்பாள். முப்பத்தொரு வருஷத்தில் ஒன்றுகூடவா என்று யாராவது இழுத்தால் ஒரு பார்வை பார்ப்பாள். கேட்டவர் பேச்சை மாற்றிக்கொண்டு போய்விடுவார்.

அவள் கணவர் ஏசி மெக்கானிக். எத்தனையோ கூரைகளில் ஏறி இறங்கியவர், வாய் ஓயாத மனிதர். மோட்டாரோடு பேசுவார், துருப்பிடித்த ஸ்க்ரூவைக் கெஞ்சுவார், கழன்று வந்துவிட்டால் அதற்கு நன்றியும் சொல்வார். அவளோ பேசினால் கவனம் சிதறும் என்று வாயை மூடியே பழகியவள். நம்ம வீட்டில் வாய் ஒருத்தருக்கு, காது ஒருத்தருக்கு என்று பாகம் பிரித்தாகிவிட்டது என்று அவர் வந்தவர்களிடமெல்லாம் சொல்வார்.

இருவரும் வேலையை முடித்துக்கொண்ட வருஷம் ஒரு பழைய வண்டி வீட்டை வாங்கினார்கள். முன்னால் ஸ்டியரிங், பின்னால் கட்டில், நடுவில் அடுப்பு, மூலையில் குளியலறை, மடக்கு மேசைக்கு மேல் ஒரு பெரிய ஜன்னல். அவளுக்கு அந்த ஜன்னல்தான் எல்லாம். பிறந்ததிலிருந்து வாடகை வீடு. ஜன்னல் என்று ஒன்று இருந்தால் அது அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். இந்த ஜன்னலோ, எதிரே இருப்பது பிடிக்கவில்லை என்றால் வேறு எதையாவது பார்க்கக் கிளம்பிவிடும். வண்டிக்கு நத்தை என்று பெயர் வைத்தவர் அவர். நத்தையின் முதுகில் ஏசியைப் பொருத்தியவரும் அவர்தான்.

இரண்டு வருஷம் சுற்றினார்கள். மூன்றாவது வருஷம் ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் பிரஷ்ஷோடு அப்படியே சரிந்தார். மூளையில் ரத்தம் அடைத்துக்கொண்டது என்றார்கள். ஆஸ்பத்திரி, பிறகு மகன் வீட்டில் இரண்டு மாதம். கால் ஊன்றுகோலோடு வந்தது, வலது கை பாதி வந்தது, பேச்சும் வந்தது. ஆனால் போன பேச்சு வேறு, வந்த பேச்சு வேறு. அது தலைகீழாக வந்தது.

ஆமா என்றால் இல்லை. இல்லை என்றால் ஆமா. சூடு என்றால் போர்வையைப் போர்த்திவிட வேண்டும். போதும் என்றால் இன்னும் கொஞ்சம் வைக்க வேண்டும். தலையாட்டலும் அதே கட்சி. பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் இதை விளக்கினாள். மூளையில் ஜோடிச் சொற்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்குமாம். எடுக்கும்போது கை தவறி ஜோடியை எடுத்துவிடுகிறாராம். மாற்றிச் சொல்கிறோம் என்பது அவருக்கே தெரியாது என்பதுதான் கொடுமை. ஒவ்வொரு தடவையும் திரும்பக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், ஒரேயடியாக முடிவு கட்டிவிடாதீர்கள் என்றும் அந்தப் பெண் சொன்னாள்.

செக்கிங்கம்மா இரண்டு வாரம் அப்படித்தான் கேட்டுப் பார்த்தாள். கேட்கக் கேட்க அவருக்கு மூக்கு நுனியில் கோபம் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. அதைப் பார்க்க மாட்டாமல் அவள் சுலபமான வழியைப் பிடித்துக்கொண்டாள். என்ன சொன்னாலும் திருப்பிப் போட்டுவிடுவது. பெரும்பாலும் சரியாகவே இருந்தது, அவரும் அமைதியானார். இந்தத் தலைகீழ் அகராதி உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும், அவளுக்கும் மகனுக்கும்.

மகன் வீட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தனி அறை கொடுத்தான், மருமகள் முகம் சுளித்ததில்லை. ஆனாலும் இரண்டாவது மாதம் அவள் அவரை நத்தைக்கே அழைத்து வந்துவிட்டாள். நகரத்துக்கு வெளியே, இப்படிப்பட்ட வண்டிகள் நிற்பதற்கென்றே ஒரு மைதானம். வண்டிக்கு ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு மின்சாரக் கம்பம். அதில் பிளக்கைச் செருகிக்கொண்டு நத்தை ஆறு மாதமாக அங்கேயே நின்றது. மூன்று மாதத்துக்கு முன் மகன் போனில் அப்பாவிடம் நேராகவே கேட்டான், எங்களோடேயே வந்துவிடுகிறீர்களா என்று. அவர் ஆமா, ஆமா என்று இரண்டு தடவை சொன்னார். அவள் போனை வாங்கி, “வரலையாம்டா” என்றாள். அகராதி தெரிந்த மகனும் சரி என்று விட்டுவிட்டான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் வெயில் வந்தது. சும்மா வெயில் இல்லை, நாய்கள்கூட வண்டிகளுக்கு அடியை விட்டு வெளியே வராத வெயில். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பார்த்து ஏசி நின்றது. ஸ்விட்சைப் போட்டால் கூரைக்குள் யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவது போல ஒரு சத்தம், காற்று மட்டும் வராது. ஒரு நிமிஷத்தில் கம்பத்தில் ஃபியூஸ் சுவிட்ச் டப்பென்று விழும். இரண்டு பக்கமும் டேபிள் ஃபேன் வைத்து, ஈரத் துண்டை அவர் தோளில் போட்டு, அவள் சமாளித்துப் பார்த்தாள். உடம்பு சூடேறக் கூடாது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

மகனிடம் மறைக்கவும் முடியவில்லை. அவன் சத்தம் போடவில்லை, அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. புதன்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறேன், இந்த வெயிலில் அப்பாவை அந்தத் தகர டப்பாவுக்குள் வைத்திருக்க முடியாது, சாமானைக் கட்டி வை என்றான். அதில் தப்பும் இல்லை. ஏசி ஓடினால் நத்தையில் இருக்கலாம், ஓடாவிட்டால் கிளம்ப வேண்டியதுதான். தொழில்காரர்களுக்குப் போன் போட்டால், வெயில் சீசன், பதினோரு நாள் ஆகும் என்றார்கள். நேரில் வந்த ஒருவன் மேலே ஏறிக்கூடப் பார்க்காமல், மொத்தமாகத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். அதைக் கேட்டதும் ஏசிக்காரர் ஊன்றுகோலால் தரையில் ஓங்கித் தட்டினார். அந்தத் தட்டலுக்கு அகராதி தேவைப்படவில்லை.

அன்று சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் அவளை மேலே ஏறச் சொல்லிச் சைகை காட்டினார். பக்கத்து வண்டியில் ஒரு பல் டாக்டரம்மா இருந்தாள். ஓய்வுபெற்றவள், தனி ஆள், எல்லாக் கருவியும் வைத்திருப்பவள். ஏணியை அவள்தான் கொண்டு வந்து பிடித்துக்கொண்டாள். மேலே செக்கிங்கம்மா, கீழே மடக்கு நாற்காலியில் ஏசிக்காரர், இருவர் கையிலும் போன், போனில் வீடியோ. ஒரு மெல்லிய குச்சியை விட்டு ஃபேன் இறக்கையைத் தள்ளிவிடச் சைகை காட்டினார். தள்ளியதும் கொஞ்சம் சுற்றியது, தானாகக் கிளம்ப அதற்குத் தெம்பில்லை. மோட்டாரின் தண்டை ஆட்டிப் பார்க்கச் சைகை காட்டினார். விழப்போகும் பல் மாதிரி ஆடியது. அவர் இடது கையால் பேப்பரில் ஒரு வட்டமும் இரண்டு டப்பாவும் வரைந்தார். ஃபேன் மோட்டார் ஒன்று, கெப்பாசிட்டர் இரண்டு. மோட்டாருக்குத் தள்ளு கொடுக்கிற சின்ன டப்பாக்கள் அவை. மூன்றையும் மாற்றியாக வேண்டும். பழையதில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை அவள் போட்டோ எடுத்து ஸ்பேர்பார்ட்ஸ் கடைக்கு அனுப்பினாள். செவ்வாய்க்கிழமை மாலை பெட்டி வந்து சேர்ந்தது.

புதன்கிழமை விடிந்தும் விடியாமலும் வேலையைத் தொடங்கினார்கள். தொடங்குவதற்கு முன், ஒருவேளை தானாகவே ஓடிவிடாதா என்ற நப்பாசையில் அவள் கடைசியாக ஒரு தடவை ஸ்விட்சைப் போட்டாள். அதே முனகல், அதே டப். கம்பத்திலிருந்து பிளக்கை உருவிக்கொண்டு வந்து அவர் மடியில் வைத்தாள்.

அது அவருடைய தொழில் சட்டம். மேலே ஆள் ஏறினால் கீழே பிளக் கம்பத்தில் இருக்கக் கூடாது, தரையிலும் கிடக்கக் கூடாது. நம்பகமான ஒருவர் மடியில் இருக்க வேண்டும், மேலே போனவர் இறங்கி வந்து கையை நீட்டும்வரை அதை யாருக்கும் கொடுக்கக் கூடாது. இந்தச் சட்டத்தை மதிக்காத ஒரு உதவியாளரை அவர் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். முன்பெல்லாம் அவர் மேலே போவார், யாராவது பிளக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இன்று அவரே உட்கார்ந்திருந்தார், வீடியோ ஓடும் போனை எதிரே ஸ்டூலில் சாய்த்து வைத்து, கனத்த அந்தப் பிளக்கை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு.

பிளாஸ்டிக் மூடி வெயிலில் காய்ந்து அப்பளம் போலிருந்தது. உடைக்காமல் கழற்றினாள். உள்ளே தகர மூடி, அதற்குள் ஒயர்கள். அவருக்கு அந்த ஒயர்களின் ஜாதகமே தெரியும்; அவளுக்கு எதுவும் தெரியாது. ஆனால் பிரித்ததைப் பிரித்தபடியே சேர்க்கத் தெரியும். தையல் பெட்டியிலிருந்து ஏழு நிற நூல் கொண்டு போயிருந்தாள். ஒவ்வொரு ஒயரிலும் அது செருகியிருந்த இடத்திலும் ஒரே நிற நூலைக் கட்டினாள். ஃபேன் இறக்கையின் எந்தப் பக்கம் மோட்டாரைப் பார்த்திருந்தது என்று சாக்பீஸால் குறி போட்டாள். தண்டின் நுனியிலிருந்து இறக்கைக்கு எவ்வளவு தூரம் என்று இன்ச் டேப்பால் அளந்து கையிலேயே எழுதிக்கொண்டாள். வீடியோவில் அதைப் பார்த்த ஏசிக்காரர், “மோசம்” என்றார். நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

ஒயரைக் கழற்றுவதற்கு முன் இன்னொரு வேலை இருந்தது. கெப்பாசிட்டர் என்பது மின்சாரத்தை வாங்கி உள்ளே பதுக்கி வைத்துக்கொள்ளும் டப்பா. பிளக்கை உருவினாலும் அது பதுக்கினதை உடனே விடாது. அதற்காக ஏசிக்காரர் ஹோல்டரில் மாட்டிய ஒரு பல்பு வைத்திருந்தார், அதிலிருந்து நீளும் இரண்டு ஒயரை டப்பாவின் காதுகளில் வைத்தால் மிச்சம் இருப்பது பல்பில் எரிந்து தீர்ந்துவிடும். அவள் முன்னால் தெரிந்த டப்பாவில் வைத்தாள். பல்பு எரியவில்லை. செத்த டப்பா. இரண்டாவது டப்பா மோட்டாருக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. பல் டாக்டரம்மா கொடுத்திருந்த, பல்லுக்குப் பின்னால் பார்க்கிற குச்சிக் கண்ணாடியை உள்ளே விட்டுத்தான் அதைப் பார்க்க முடிந்தது. அதுவும் இதோடு சேர்ந்ததுதானே, இது செத்ததென்றால் அதுவும் செத்ததுதானே என்று அவளாக நினைத்துக்கொண்டாள். இருந்தாலும் கண்ணாடியில் தெரிந்ததைப் போனில் காட்டி, “தொடலாமாங்க?” என்று கேட்டாள்.

“தொடாத” என்றார் அவர்.

அவள் திருப்பிப் போட்டுக்கொண்டாள். தொடு என்கிறார். கையை உள்ளே விட்டாள்.

விரல் நுனியில் பிடித்தது முழங்கைவரை சுரீரென்று ஏறியது. குச்சிக் கண்ணாடி எங்கேயோ பறந்தது. அவள் கூரைமேல் பின்னுக்குச் சரிந்து உட்கார்ந்தாள், நல்லவேளை, ஓரத்துக்கு இரண்டு முழம் இருந்தது. காதில் ஒரு இரைச்சல். அந்த இரைச்சலுக்கு நடுவே கீழேயிருந்து அவர் குரல், தொடாத, தொடாத என்று திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது.

பல் டாக்டரம்மா ஏணியில் பாதி ஏறி அவளை இறக்கினாள், நாடி பிடித்துப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை, இதோடு போயிற்றே என்று சந்தோஷப்படுங்கள் என்றாள். ஏசிக்காரர் அப்போதும் பிளக்கை விடவில்லை. வலது கையால் அதை மடியோடு அழுத்திக்கொண்டு, இடது கையால் தன் வாயிலேயே பளார் பளாரென்று அடித்துக்கொண்டிருந்தார். தன் வாய்தான் மறுபடியும் தப்பாகச் சொல்லித் தொலைத்தது என்று நினைத்துவிட்டார் பாவம். செக்கிங்கம்மா ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அடிக்காதீங்க. நீங்க சரியாத்தான் சொன்னீங்க. தொடாதன்னுதான் சொன்னீங்க. நான்தான் தப்பா எடுத்துக்கிட்டேன்.”

அவர் அவளையே பார்த்தார். அவள் அதை இன்னும் இரண்டு தடவை சொன்னாள். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. ஒன்பது மாதத்தில் முதல் தடவையாக ஒரு சொல் அதன் சொந்த இடத்திலிருந்து வந்திருக்கிறது, அதை வாங்கிக்கொள்ளத் தெரியாமல் ஷாக் வாங்கிக்கொண்டாள். இந்தக் கூத்து வேறு யார் வீட்டில் நடக்கும் என்றாள் பல் டாக்டரம்மாவிடம்.

டீ குடிக்க உட்கார்ந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. முதல் தடவை என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அவள்தான் கேட்டுப் பார்க்கவே இல்லையே. ஆறு மாதமாக வந்த ஒவ்வொரு சொல்லையும் பிரித்துப் பார்க்காமல் திருப்பிப் போட்டு முத்திரை குத்தி அனுப்பிக்கொண்டிருந்தாள். போதும் என்றவர் தட்டில் எத்தனை தடவை சோற்றை வைத்திருக்கிறாள், அவரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிட்டிருக்கிறாரே. ஒரு நூல் பிரிந்திருந்தால் பெட்டியையே திருப்பி அனுப்புகிறவள், கட்டினவர் பேச்சை மட்டும் செக் பண்ணாமல் பாஸ் போட்டிருக்கிறாள். அப்படியென்றால் அந்த ஆமா, ஆமா? மகன் வீட்டுக்கு வருகிறீர்களா என்று கேட்டதற்கு இரண்டு தடவை சொன்ன ஆமா? அது நிஜ ஆமாவாக இருந்திருந்தால், நிழலான அறையில் இருந்திருக்க வேண்டிய மனிதரை மூன்று மாதமாக இந்தத் தகரத்துக்குள் வேக வைத்தவள் அவள்தான்.

டீ ஆறிப்போயிற்று. அவள் எழுந்து மறுபடியும் ஏணியில் ஏறினாள். ஆரம்பித்த வேலையைப் பாதியில் விடுவது அவள் வழக்கமில்லை. எங்கே இருக்க வேண்டுமோ அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், ஏசி ஓடியாக வேண்டும்.

அதன் பிறகு அவள் ஆமாவா இல்லையா என்று எதையும் கேட்கவில்லை. இரண்டு பொருளைப் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, எது என்று கேட்டாள். அவர் போனில் பார்த்துவிட்டு, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று விரலால் சுட்டிக் காட்டினார். நேரம் எடுத்தது, ஆனால் ஒரு தடவைகூடத் தப்பவில்லை. இரண்டாவது டப்பாவில் பல்பை வைத்தபோது அது பளிச்சென்று ஒரு கணம் எரிந்து அணைந்தது. இறக்கையைப் பிடித்திருந்த ஸ்க்ரூ துருவில் இறுகிக் கிடந்தது. எண்ணெய் விட்டுக் காத்திருந்து, அவர் பாணியில் அதைக் கொஞ்சம் கெஞ்சியும் பார்த்தாள். வந்துவிட்டது. அந்த மோட்டாருக்கு இரண்டு பக்கமும் தண்டு. ஒரு பக்கம் வெளியே சூட்டைத் தள்ளுகிற இறக்கை, மறுபக்கம் உள்ளே குளிர்ந்த காற்றைத் தள்ளுகிற உருளை. இரண்டையும் கழற்றி, பழைய மோட்டாரை எடுத்து, புதியதை வைத்து, கையில் எழுதியிருந்த அளவுக்கு இறக்கையை நிறுத்தினாள். நீல நூலுக்கு நீல நூல், சிவப்புக்குச் சிவப்பு. புது டப்பாக்களைப் பட்டையில் இறுக்கினாள்.

இறங்கி வந்து கையை நீட்டினாள். ஏசிக்காரர் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டுத்தான் பிளக்கைக் கொடுத்தார். கம்பத்தில் செருகி ஸ்விட்சைப் போட்டாள். மோட்டார் உடனே கிளம்பியது, கூடவே கிரீச் கிரீச் என்று ஒரு சத்தம். ஏசிக்காரர் காதைச் சாய்த்துக் கேட்டார், கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு நெல் அளவு இடைவெளி காட்டி, உள்ளே என்று கையால் தள்ளினார். மறுபடி பிளக்கை உருவி, மறுபடி அவர் மடியில் வைத்து, மறுபடி ஏறி, உள்ளே உரசிக்கொண்டிருந்த உருளையை அந்த நெல்லளவு தள்ளி வைத்தாள். இந்தத் தடவை சத்தமே இல்லை. ஐந்து நிமிஷத்தில் நத்தைக்குள் சில்லென்று காற்று இறங்கியது. பல் டாக்டரம்மா காற்றுக்குக் கீழே முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள். செக்கிங்கம்மாவும் நின்றாள், ஆனால் அவளுக்கு முழுசாகச் சந்தோஷப்பட முடியவில்லை.

மேல் மூடியைப் போட்டு ஸ்க்ரூ முறுக்குவது பாக்கி. மணி ஒன்பதே முக்கால். பிளக்கை உருவி மடியில் வைத்துவிட்டு அவள் கடைசியாக ஏறினாள். நான்கு ஸ்க்ரூ முறுக்குவதற்குள் மகனுடைய கார் வந்து நின்றது.

அவன் அப்பாவுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். பெட்டி கட்டியாச்சா என்று கேட்கவில்லை, அம்மாவை அண்ணாந்து பார்த்து, கூரைமேல் என்ன செய்கிறாய் என்றும் கேட்கவில்லை. நல்ல பிள்ளை, அப்பாவைத்தான் முதலில் கேட்டான்.

“அப்பா, எங்க வீட்டுக்கு வர்றீங்களாப்பா?”

“ஆமா” என்றார் ஏசிக்காரர்.

மகன் பெருமூச்சு விட்டான். தலையைத் தூக்கி, “வரலைங்கிறாரும்மா” என்றான்.

அவள் ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்தபடி அப்படியே இருந்தாள். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அவன் போய்விடுவான், ஏசி ஓடும், ஜன்னல் அவளுடையதாகவே இருக்கும். முப்பத்தொரு வருஷம் பேசாமல் இருந்தவளுக்கு இன்னும் ஒரு நிமிஷம் பேசாமல் இருப்பது பெரிய காரியமில்லை. ஆனால் குறை தெரிந்தே ஒரு பெட்டியை அனுப்பி வைக்க அவளுக்குக் கை வராது.

“அப்படி எடுத்துக்காதடா. அந்த அகராதி செல்லாது. இன்னைக்கு ஒரு வார்த்தை சரியாச் சொன்னாரு, நான்தான் திருப்பிப் போட்டு ஷாக் வாங்கினேன். எது நேரா வருது, எது தலைகீழா வருதுன்னு எனக்கே தெரியல. அன்னைக்கு வரலைன்னு நான் சொன்னதுகூட, அவர் சொன்னதா, நானா சொன்னதான்னு தெரியல.”

மகன் மறுபடி கேட்டான். இந்தத் தடவை அப்பா, இல்லை என்றார். மூன்றாம் தடவை கேட்டதற்கு ஆமா என்றார், குரலில் எரிச்சல் ஏறியிருந்தது. மகன் தலையைச் சொறிந்தான்.

“ஆமா இல்லைன்னு கேக்காத. எங்கன்னு கேளு. கையால காட்டச் சொல்லு” என்றாள் அவள் மேலேயிருந்து.

“உங்களுக்கு எங்கப்பா இருக்கணும்?”

ஏசிக்காரர் யோசிக்கவே இல்லை. இடது கையைத் தூக்கினார். காரைக் காட்டவில்லை, நத்தையின் கதவையும் காட்டவில்லை. விரல் நேராகக் கூரைக்குப் போனது. அங்கே முழங்காலிட்டு, எண்ணெயும் துருவும் அப்பிய கையோடு, நெற்றியில் முடி ஒட்டிக்கிடக்க, அவர் பெண்டாட்டி இருந்தாள். அவள் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்ந்தாள். விரலும் நகர்ந்தது.

மகன் அண்ணாந்து, இதுவரை யாரும் கேட்காததைக் கேட்டான்.

“உனக்கு எங்கம்மா இருக்கணும்?”

இத்தனை நாளும் அவர் வாய்க்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்துவிட்டாள். தனக்கு வேண்டியதை அவர் சொன்னதாகச் சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டாள். இப்போது ஒளிய இடமில்லை, கூரைமேல் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி இருந்தாள்.

“இங்கதாண்டா. எனக்கு இங்க இருக்கணும். வெயில் முத்திச்சுன்னா, இது மறுபடி நின்னுச்சுன்னா, நானே அவரைக் கூட்டிட்டு வர்றேன். நீ வந்து கேக்க வேணாம்.”

அவன் எழுந்து பேண்ட்டில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டான். சரி, வாராவாரம் வந்து பார்ப்பேன், தெர்மாமீட்டர் ஒன்று மாட்டி வைப்பேன், அதைப் போட்டோ எடுத்துத் தினமும் அனுப்ப வேண்டும் என்று மூன்று நிபந்தனை போட்டான். அவள் மூன்றுக்கும் தலையாட்டினாள். அதற்குப் பிறகுதான் அவன் முகத்தில் சிரிப்பு வந்தது. அப்படி என்ன ஏசி சரி பண்ணியிருக்கிறீர்கள், போட்டுத்தான் பார்ப்போமே என்று சொல்லிக்கொண்டு, அப்பா மடியிலிருந்த பிளக்கை எடுக்கக் குனிந்தான்.

ஏசிக்காரர் அதை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“தொடாத.”

“எடுத்துக்கோங்கிறாரு” என்று மகன் பழக்கதோஷத்தில் பிளக்கை இழுத்தான்.

“தொடாதன்னா தொடாதன்னுதாண்டா அர்த்தம்” என்றாள் செக்கிங்கம்மா, ஐந்தாவது ஸ்க்ரூவை எடுத்துக்கொண்டே. “நான் இன்னும் இறங்கல.”